ஹெவி லைசென்ஸ் முடிந்து பத்து மாதம்: முதலில் கண், பிறகு கணினி

கேள்வி: எங்கள் ஊர் சங்ககிரி பக்கம். அப்பாவுக்கு 53 வயது. இருபத்து நாலு வருஷமாக ஹெவி வண்டி ஓட்டுகிறார். போன வருஷம் வலது காலில் முட்டிக்குக் கீழே எலும்பு முறிந்து, பிளேட் வைத்து, மாதக்கணக்கில் வீட்டிலேயே இருந்தார். அந்த நேரத்தில் லைசென்ஸ் தேதி முடிந்ததை யாரும் கவனிக்கவில்லை. இப்போது பத்து மாதம் ஆகிவிட்டது. கால் சரியாகிவிட்டதால், “வண்டியை எடுங்க, லைசென்ஸை அப்புறம் பார்த்துக்கலாம்” என்கிறார் ஓனர். முடிந்த பிறகும் முப்பது நாள் சலுகை உண்டு, அபராதம் கட்டினால் போதும் என்று ஸ்டாண்டில் சொல்கிறார்களாம். ஒரு புரோக்கர் 9,000 ரூபாய் கேட்கிறார். டாக்டரைப் பார்க்கவே வேண்டாம், பழைய தேதியிலிருந்தே வாங்கித் தருகிறேன் என்கிறார். அப்பாவுக்குச் சர்க்கரை உண்டு, மாத்திரை சாப்பிடுகிறார். ராத்திரியில் எதிர் வண்டி வெளிச்சம் கூசுகிறது என்று சொல்கிறார். கார்டில் இரண்டு தேதி இருக்கிறது. ஒன்று முடிய இன்னும் நாலு வருஷம் இருக்கிறது. எது கணக்கு? மறுபடி டெஸ்ட் ஓட்டிக் காட்ட வேண்டுமா? அப்பா ஐந்தாவதுதான் படித்தவர், எட்டாவது சர்ட்டிபிகேட் கேட்பார்களா? முன்பு கேஸ் டேங்கர் ஓட்டிய பதிவும் லைசென்ஸில் இருக்கிறது. அதையும் புதுப்பிக்க முடியுமா?

பதில்: அப்பாவின் கார்டைக் கையில் வைத்துக்கொண்டு இதைப் படியுங்கள்.

அதில் உள்ள இரண்டு தேதியும் சரிதான், ஆனால் இரண்டும் வேறு வேறு வண்டிக்கு. என்டி என்று போட்டிருப்பது சொந்த உபயோக வண்டிக்கான தேதி. டிஆர் என்று போட்டிருப்பது டிரான்ஸ்போர்ட் வண்டிக்கான தேதி. லாரிக்கு டிஆர் தேதி மட்டும்தான் கணக்கு. 2019 செப்டம்பரில் மோட்டார் வாகனச் சட்டத் திருத்தம் நடைமுறைக்கு வந்த பிறகு, டிரான்ஸ்போர்ட் லைசென்ஸ் ஒரு தடவைக்கு 5 ஆண்டு செல்லும். அதற்கு முன் 3 ஆண்டு. சொந்த வண்டிக்கான தேதி வயதைப் பொறுத்தது. முப்பதிலிருந்து ஐம்பதுக்குள் புதுப்பித்தவருக்கு 10 ஆண்டு கிடைக்கும். அப்பா 47 வயதில் இரண்டையும் சேர்த்துப் புதுப்பித்திருப்பார் போலிருக்கிறது. அதனால்தான் ஒன்று முடிந்து மற்றொன்று நிற்கிறது. பெரிய தேதி மட்டும் கண்ணில் பட்டு, சின்ன தேதியைக் கோட்டை விடும் டிரைவர்கள் நிறைய.

முப்பது நாள் சலுகை என்று ஸ்டாண்டில் சொல்வது ஒரு காலத்தில் உண்மை. லைசென்ஸ் முடிந்தாலும் 30 நாள் செல்லும் என்று பழைய சட்டத்தில் ஒரு வரி இருந்தது. 2019 திருத்தம் அந்த வரியை எடுத்துவிட்டது. இப்போது கார்டில் உள்ள தேதிக்கு மறுநாளே லாரி ஓட்ட அவருக்கு லைசென்ஸ் இல்லை. பத்து மாதம் ஆனவருக்கு இதில் பேச்சே இல்லை.

ஓனர் சொல்வதைக் கேட்டு அப்பா ஒரு நடைகூட எடுக்க வேண்டாம். பிடிபட்டால் சட்டப்படி 5,000 ரூபாய் அபராதம், அல்லது மூன்று மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். இது ஓட்டியவருக்கு. லைசென்ஸ் இல்லாதவரிடம் வண்டியைக் கொடுத்த ஓனருக்கும் மோட்டார் வாகனச் சட்டத்தின் 180-ஆம் பிரிவில் தனியாக இதே அளவு உண்டு. அபராதம் சின்ன விஷயம். விபத்து என்று ஒன்று நடந்தால்தான் உண்மையான அடி. விபத்து நேரத்தில் ஓட்டுநரிடம் நடப்பில் உள்ள லைசென்ஸ் இருக்க வேண்டும் என்பது இன்சூரன்ஸ் பாலிசியிலேயே நிபந்தனையாக இருக்கும். அது இல்லையென்றால் லாரிக்கு ஆன சேதத்தைக் கம்பெனி தராது. அடிபட்ட மூன்றாம் நபருக்கு முதலில் கம்பெனியே நஷ்டஈட்டைக் கட்டிவிட்டு, அந்தத் தொகையை ஓனரிடம் வசூலிக்கட்டும் என்றும் தீர்ப்பாயம் உத்தரவிடலாம். மரண வழக்கு என்றால் அது லட்சக்கணக்கில் போகும். இந்த ஒரு விஷயத்தை ஓனரிடம் நேராகச் சொல்லுங்கள். ஒரு மாதம் பொறுப்பது அவருக்குத்தான் லாபம் என்று அவருக்கே புரியும்.

புரோக்கர் சொல்லும் ‘பழைய தேதியிலிருந்து’ என்பதும் நடக்காது. முடிந்து ஓராண்டுக்குள் விண்ணப்பித்தால், புதுப்பித்த தேதியிலிருந்துதான் லைசென்ஸ் செல்லும் என்று 15-ஆம் பிரிவு சொல்கிறது. இடையில் போன பத்து மாதம் லைசென்ஸ் இல்லாத காலமாகவே நிற்கும். அந்த நாட்களில் வண்டி எடுத்திருந்தால், இப்போது புதுப்பிப்பது அதை மறைக்காது.

டெஸ்ட் பற்றிக் கேட்டீர்கள். அதே 15-ஆம் பிரிவுதான் இதற்கும் பதில். முடிந்த தேதியிலிருந்து ஓராண்டுக்குள் விண்ணப்பித்தால் ஓட்டிக் காட்ட வேண்டியதில்லை. ஓராண்டு தாண்டினால் டெஸ்ட் பாஸ் செய்யாமல் புதுப்பிக்க மாட்டார்கள். முன்பு இந்தக் கெடு ஐந்து ஆண்டாக இருந்தது. அந்தப் பழைய கணக்கை நம்பி உட்கார்ந்திருப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். உங்களுக்கு மிச்சம் இருப்பது இரண்டு மாதம். கடைசி நாளை எதிர்பார்க்க வேண்டாம். மருத்துவச் சான்று சேர்ந்தால்தான் விண்ணப்பம் முழுமையாகும் என்பதால், கெடுவுக்கு இரண்டு வாரம் முன்பே எல்லாம் ஏறியிருக்க வேண்டும். எனவே உங்கள் கையில் இருப்பது ஆறு வாரம்.

அந்த ஆறு வாரம் வருமானத்துக்கு என்ன செய்வது என்ற கவலையும் இருக்கும். இங்கே அந்த என்டி தேதி உதவிக்கு வரும். கார்டில் எல்எம்வி (இலகுரக வண்டி) என்ற வகுப்பும் இருந்து அதன் தேதி நடப்பில் இருந்தால், மொத்த எடை 7,500 கிலோவுக்கு மேல் போகாத சரக்கு வண்டியை அப்பா ஓட்டலாம். அதற்குத் தனி டிரான்ஸ்போர்ட் பதிவு தேவையில்லை. 2024 நவம்பர் 6 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு இதை உறுதி செய்தது. கவனிக்க வேண்டியது மொத்த எடை, அதாவது வண்டியும் சரக்கும் சேர்ந்த எடை. ஆர்சி புத்தகத்தில் அது அச்சிட்டிருக்கும். டாடா ஏஸ், பொலேரோ பிக்கப் எல்லாம் தாராளமாக இதற்குள் வரும். ஐச்சர் போன்றவற்றில் மாடலுக்கு மாடல் எடை மாறும், ஆர்சி பார்க்காமல் ஏற வேண்டாம். கேஸ், ஆசிட் போன்ற ஆபத்தான சரக்கு ஏற்றும் வண்டிக்கு இந்தத் தீர்ப்பு பொருந்தாது. இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன்: கண்ணைப் பரிசோதிக்கும் வரை, சின்ன வண்டியானாலும் பகலில் மட்டும்.

ஏனென்றால் உங்கள் கடிதத்தில் என்னைப் படிப்பதை நிறுத்த வைத்த வரி லைசென்ஸ் பற்றியது அல்ல. ராத்திரியில் வெளிச்சம் கூசுகிறது என்ற வரிதான். ஐம்பதைத் தாண்டிய, சர்க்கரை உள்ள ஒருவர் இதைச் சொன்னால் முதலில் வரும் சந்தேகம் கண்புரை. அடுத்தது சர்க்கரையால் விழித்திரையில் வரும் பாதிப்பு. இரண்டுமே மெதுவாக வருவதால் ஓட்டுகிறவர் தன்னை அறியாமலேயே பழகிக்கொள்வார். எதிர் வண்டி டிம் அடிக்கவில்லை என்று திட்டுவார், கண்ணாடியை வைப்பர் கோடு போட்டுவிட்டது என்பார். லாரி ஓட்டுகிறவருக்கு வேலையில் பாதி ராத்திரியில்தான். தருமபுரி-சேலம் சாலையில் தொப்பூர் மலை இறக்கத்தில் நடுநிசியில் எதிர் வெளிச்சத்துக்குக் கண் கூசி, இரண்டு விநாடி ஒன்றும் தெரியாமல் போனால் என்ன ஆகும் என்று அப்பாவுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை.

அதனால் டாக்டரிடம் போகுமுன் வீட்டிலேயே ஒன்று செய்து பாருங்கள். நல்ல பகல் வெளிச்சத்தில் 25 மீட்டர் தூரத்தில் உள்ள ஒரு காரின் நம்பர் பிளேட்டைப் படிக்க முடிகிறதா என்பதுதான் மருத்துவப் படிவத்தில் பார்வைக்கான கேள்வி. தெருவில் ஒரு கார் நிற்கட்டும். அப்பாவுக்கு நம்பர் மனப்பாடமான வண்டியாக இருக்கக் கூடாது. டேப் வைத்து 25 மீட்டர் அளந்துகொள்ளுங்கள். டேப் இல்லையென்றால் சாதாரண நடையில் முப்பத்து மூன்று எட்டு வைத்தால் கிட்டத்தட்ட சரியாக இருக்கும். வெயில் அவர் முதுகுப் பக்கம் இருக்கட்டும். தூரப் பார்வைக்குக் கண்ணாடி போடுகிறவர் என்றால் அதைப் போட்டுக்கொண்டே பார்க்கலாம். இடது கண்ணை உள்ளங்கையால் மூடி வலது கண்ணால் படிக்கச் சொல்லுங்கள், பிறகு மாற்றி. மூடும்போது கண்ணை அழுத்தக் கூடாது. அழுத்தினால் கையை எடுத்த பிறகு சற்று நேரம் மங்கலாகத் தெரிந்து, நல்ல கண்ணும் கெட்ட கண் போலத் தோன்றும். கார் நம்பர் பிளேட்டில் எழுத்தின் உயரம் 65 மில்லிமீட்டர். இந்தத் தூரத்தில் பார்வை குறையத் தொடங்கியவர் எழுத்தே தெரியவில்லை என்று சொல்ல மாட்டார். ஆங்கில ‘பி’யை 8 என்பார், ‘டி’யைப் பூஜ்யம் என்பார். அதைத்தான் நீங்கள் கவனிக்க வேண்டும். இரண்டு கண்ணும் திறந்திருக்கும்போது சரியாகப் படித்து, ஒரு கண்ணில் மட்டும் தடுமாறினால் அந்தக் கண்ணில் ஏதோ இருக்கிறது.

இதில் தேறினாலும் தேறாவிட்டாலும், அடுத்து கண் மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். வெறும் கண்ணாடிக் கடையில் பவர் பார்ப்பது இவருக்குப் போதாது. சொட்டு மருந்து விட்டுக் கண் பாப்பாவை விரித்து விழித்திரையைப் பார்க்க வேண்டும் என்று நீங்களே கேளுங்கள். சர்க்கரை உள்ளவருக்கு அது வருஷத்துக்கு ஒரு தடவை செய்ய வேண்டிய பரிசோதனை. சொட்டு விட்டால் சில மணி நேரம் கண் கூசும், கிட்டத்தில் உள்ளது தெரியாது. அன்று அவர் பைக் ஓட்டிக்கொண்டு திரும்பக் கூடாது, நீங்கள் கூடப் போங்கள். பவர்தான் பிரச்சினை என்றால் கண்ணாடி வாங்கிப் போட்டு ஒரு வாரம் பழகிய பிறகு மருத்துவச் சான்றுக்குப் போகலாம். கண்ணாடியோடு சரியாகப் படிக்க முடிந்தால் சட்டத்துக்கு அது போதும். கண்ணாடி போட்டால் லைசென்ஸ் போய்விடும் என்று பயந்து கழற்றி வைத்துவிட்டுப் போகிறவர்கள்தான் மாட்டிக்கொள்கிறார்கள்.

புரை என்று சொல்லி ஆபரேஷன் செய்யச் சொன்னால்? செய்துவிடுங்கள். அரசு மருத்துவமனைகளில் லென்ஸ் வைத்து இலவசமாகவே செய்கிறார்கள். அறுவைக்குப் பிறகு கண் ஆறி, பவர் நிலைக்க ஒரு மாதத்திலிருந்து ஆறு வாரம் ஆகும். அதற்குள் உங்கள் ஓராண்டுக் கெடு தாண்டிவிடலாம். தாண்டினால் தாண்டட்டும். இழப்பது என்ன? ஒரு டெஸ்ட். இருபத்து நாலு வருஷம் ஓட்டியவருக்கு அது ஒரு நாள் வேலை. கெடுவைக் காப்பாற்ற வேண்டும் என்று மங்கிய கண்ணோடு சான்று வாங்குவதைவிட இது எவ்வளவோ மேல். இந்த ஒரு இடத்தில் அப்பாவோடு கொஞ்சம் சண்டை போட வேண்டி வந்தாலும் போடுங்கள்.

இனி மருத்துவச் சான்று. டிரான்ஸ்போர்ட் லைசென்ஸுக்கு வயது வித்தியாசம் இல்லாமல் ஒவ்வொரு தடவையும் இது வேண்டும். இதில் இரண்டு தாள் உண்டு. படிவம் 1 என்பது அப்பாவே தன் உடல்நிலை பற்றித் தரும் உறுதிமொழி. படிவம் 1-ஏ பதிவு பெற்ற மருத்துவர் பரிசோதித்துத் தருவது. லைசென்ஸ் வேலைகளுக்கான அரசு இணையதளமான சாரதியில் பதிவு செய்துகொண்ட மருத்துவரே சான்றை நேரடியாக ஏற்றும் முறை தமிழ்நாட்டில் வந்திருக்கிறது. ஆகவே டோக்கன் போடுமுன், “படிவம் 1-ஏ சாரதியில் ஏற்றுவீர்களா?” என்று போன் போட்டுக் கேட்டுவிடுங்கள். பழகிய குடும்ப டாக்டர் என்று போய், கையெழுத்துப் போட்ட தாளை வாங்கி வந்து, அலுவலகத்தில் செல்லாது என்று திருப்பி அனுப்பினால் ஒரு வாரம் வீண்.

மருத்துவர் பார்ப்பது பார்வைக் குறை, கண்ணாடியால் அது சரியாகிறதா என்பது, 25 மீட்டர் நம்பர் பிளேட், மாலைக்கண், ஹாரன் போன்ற சாதாரண ஒலி கேட்கிறதா, கை கால்களில் ஓட்டுவதற்கு இடைஞ்சலான ஊனம் உண்டா என்பவை. நிறக்குருடு பற்றிப் பலர் பயப்படுகிறார்கள். லேசானதும் நடுத்தரமானதும் தடையில்லை என்று 2020-லேயே படிவத்தை மாற்றிவிட்டார்கள். அங்க அடையாளம் எழுதும் இடம் காலியாக விட்டுப்போகும், போட்டோ பழையதாக இருக்கும். இந்த இரண்டையும் அங்கேயே சரிபாருங்கள்.

கால் முறிந்ததை மறைக்க வேண்டியதில்லை. பிளேட் வைத்திருப்பது குறையாகாது, கால் வேலை செய்கிறதா என்பதுதான் கேள்வி. வலது கால் என்பதால் பிரேக்கும் ஆக்சிலேட்டரும் அதன் பொறுப்பு. குதிகாலைத் தரையில் ஊன்றி முன்பாதத்தை ஐந்து நிமிடம் விடாமல் அழுத்தி வைக்க முடிகிறதா, சட்டென்று ஒரு பக்கத்திலிருந்து இன்னொரு பக்கம் பாதத்தை மாற்ற முடிகிறதா, கேபின் உயரத்துக்கு அந்தக் காலை ஊன்றி ஏறினால் வலிக்கிறதா என்று வீட்டில் பாருங்கள். மாலையில் கால் வீங்கினால் இன்னும் நேரம் ஆகவில்லை என்று பொருள். ஆபரேஷன் செய்த எலும்பு மருத்துவரிடம் எலும்பு கூடிவிட்டது, வேலைக்குப் போகலாம் என்று ஒரு சீட்டு எழுதி வாங்கி, கடைசி எக்ஸ்ரேயோடு கொண்டு போங்கள். சான்று தரும் மருத்துவருக்கு அதைப் பார்த்தால் தயக்கம் போகும்.

சர்க்கரை இருப்பதாலேயே யாருக்கும் லைசென்ஸ் மறுப்பதில்லை. வலிப்பு, திடீர் மயக்கம், தலைச்சுற்றல் உண்டா என்பதுதான் படிவம் 1-ன் முதல் கேள்வி. சில மாத்திரைகள் சாப்பாடு தள்ளிப்போனால் சர்க்கரையை அளவுக்கு மீறி இறக்கிவிடும். கை நடுங்கும், வியர்க்கும், கண் இருட்டும். லோடு ஏற்றும் இடத்தில் நாலு மணி நேரம் காத்துக் கிடந்து, சாப்பிடாமல் வண்டி எடுக்கிற தொழிலில் இது நடக்கக்கூடியதுதான். அப்படி எப்போதாவது வந்திருக்கிறதா என்று அப்பாவிடம் நிதானமாகக் கேளுங்கள். வந்திருந்தால் சர்க்கரை மருத்துவரிடம் அவர் லாரி டிரைவர் என்பதைச் சொல்லி, மாத்திரையை மாற்ற முடியுமா என்று கேளுங்கள். பல மருத்துவர்களுக்கு நோயாளியின் வேலை என்னவென்றே தெரிந்திருக்காது. மூன்று மாதச் சராசரி காட்டும் ஹெச்பிஏ1சி ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட் ஒன்றும் கையில் இருக்கட்டும்.

புரோக்கர் தரும் ‘பார்க்காத’ சான்று ஏன் வேண்டாம் என்பது இப்போது புரிந்திருக்கும். உடம்பு விஷயத்தை விட்டுவிட்டு வெறும் சட்டமாகப் பார்த்தாலும், மோசடியாகவோ பொய் சொல்லியோ வாங்கிய லைசென்ஸை ரத்து செய்ய 19-ஆம் பிரிவு இடம் தருகிறது. அப்போது மாட்டிக்கொள்வது புரோக்கர் அல்ல, கார்டில் போட்டோ உள்ளவர்.

மற்றபடி விண்ணப்பம் நீங்களே செய்யக்கூடியதுதான். சாரதி பரிவாகன் தளத்தில் தமிழ்நாட்டைத் தேர்ந்தெடுத்து, லைசென்ஸ் சேவைகளுக்குள் போய், லைசென்ஸ் எண்ணும் பிறந்த தேதியும் கொடுத்தால் அப்பாவின் விவரம் திரையில் வரும். அங்கேயே சற்று நில்லுங்கள். போட்டோ, பெயர், பிறந்த தேதி, வண்டி வகுப்பு நாலும் கார்டோடு ஒத்துப்போகிறதா? ஆதாரில் உள்ள பெயரோடும் ஒத்துப்போகிறதா? இனிஷியல் முன்னால் பின்னால் இருப்பது, அந்தக் காலத்தில் குத்துமதிப்பாகப் போட்ட பிறந்த தேதி, இவைதான் அதிகம் தடுக்கும். திரையில் விவரமே வரவில்லை என்றால் பழைய ரெக்கார்டு கணினியில் ஏறவில்லை என்று அர்த்தம். முதலில் கொடுத்த ஆர்டிஓ அலுவலகத்துக்குப் போய், பேக்லாக் பதிவு செய்து தரச் சொல்ல வேண்டும். அதற்குச் சில நாள் ஆகலாம். ஆகையால் இந்த ஒரு சோதனையை மட்டும் இன்று ராத்திரியே செய்து பார்த்துவிடுங்கள், காசு செலவில்லை.

விவரம் சரியாக இருந்தால் புதுப்பித்தலைத் தேர்ந்தெடுங்கள். வீடு மாறியிருந்தால் முகவரி மாற்றத்தையும் அதே விண்ணப்பத்தில் சேர்த்துவிடலாம். மொபைல் எண் கேட்கும் இடத்தில் அப்பாவின் எண்ணோ உங்கள் எண்ணோதான் இருக்க வேண்டும். புரோக்கர்கள் தங்கள் எண்ணைப் போட்டுவிடுவதால்தான் அடுத்த தடவையும் ஓடிபிக்கு அவர்களிடமே போய் நிற்க வேண்டியிருக்கிறது. விண்ணப்ப எண் வந்ததும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். மருத்துவருக்கும் அது வேண்டும். பிறகு பழைய கார்டு, ஆதார், போட்டோ, கையெழுத்து ஆகியவற்றை ஏற்றிக் கட்டணம் கட்ட வேண்டும். நேரில் வரச் சொன்னால் நாள் குறித்துக்கொள்ளச் சொல்லி அதுவே காட்டும். போகும்போது பழைய கார்டின் அசலோடு அப்பாவை அழைத்துப் போங்கள்.

கட்டணம் மத்திய விதி 32-ன் அட்டவணையில் இருக்கிறது. காலத்துக்குள் புதுப்பிக்க 200 ரூபாய். காலம் கடந்தால் 300 ரூபாய், அதோடு தாமதமான ஒவ்வோர் ஆண்டுக்கும், ஆண்டின் பகுதிக்கும் 1,000 ரூபாய் கூடுதல். கார்டுக்கும் சேவைக்கும் தனியாகக் கொஞ்சம் சேரும். திரையில் என்ன தொகை காட்டுகிறதோ அதுதான் கணக்கு, ஆன்லைனிலேயே கட்டிவிடலாம். மருத்துவர் கட்டணம், கண் பரிசோதனை, ஒரு புதுக் கண்ணாடி எல்லாம் சேர்ந்தாலும் 9,000 ஆகாது.

எட்டாவது சர்ட்டிபிகேட் கேட்க மாட்டார்கள். டிரான்ஸ்போர்ட் லைசென்ஸுக்கு எட்டாம் வகுப்பு வேண்டும் என்ற விதியை 2019-லேயே நீக்கிவிட்டார்கள். யாராவது கேட்டால் பயப்படாமல் அதைச் சொல்லுங்கள்.

ஒருவேளை கெடு தாண்டி டெஸ்ட் என்று ஆகிவிட்டால், ஒரு வகுப்புக்கு 300 ரூபாய் டெஸ்ட் கட்டணம். வண்டியை நாம்தான் கொண்டு போக வேண்டும். ஹெவி வண்டியாகவே இருக்க வேண்டும். அதன் எஃப்சி, இன்சூரன்ஸ், புகைச் சான்று நடப்பில் இருக்க வேண்டும். ஓனரிடம் கேட்டால் கிடைக்கலாம், இல்லாவிட்டால் டிரைவிங் ஸ்கூலில் வாடகைக்குத் தருவார்கள். ஆனால் அந்த வண்டியை அலுவலகம் வரை அப்பா ஓட்டிப் போகக் கூடாது, லைசென்ஸ் உள்ள வேறொருவர் ஓட்டி வர வேண்டும். முன்னதாக ரோட்டில் பழகிப் பார்க்க நினைத்தாலும் எல்எல்ஆர் வேண்டும். அனுபவம் உள்ளவர்கள் பிரேக் இன்ஸ்பெக்டர் முன்னால் தவறுவது ஓட்டத் தெரியாமல் அல்ல, பழக்கத்தால். ஏறியதும் சீட் பெல்ட் போடாமல் ஸ்டார்ட் செய்வார்கள், கண்ணாடியைத் திருப்பிப் பார்க்க மாட்டார்கள், இண்டிகேட்டர் போடாமல் எடுப்பார்கள், ரிவர்ஸில் கண்ணாடியைப் பார்க்காமல் கதவுக்கு வெளியே தலையை நீட்டுவார்கள். ஏறியதிலிருந்து இறங்கும் வரை செய்வதை மெதுவாக, பார்க்கிறவருக்குத் தெரியும்படி செய்யச் சொல்லுங்கள். தவறினால் ஏழு நாள் கழித்து மறுபடி வரலாம். மூன்று தடவை தவறினால் அறுபது நாள் காத்திருந்து, பயிற்சிப் பள்ளியில் திருத்தப் பயிற்சியும் முடித்த பிறகுதான்.

கேஸ் டேங்கர் பதிவு வேறு கணக்கு. ஆபத்தான சரக்கு ஏற்றும் வண்டிக்கான லைசென்ஸ் 3 ஆண்டுதான் செல்லும், ஆகவே அது எப்போதோ முடிந்திருக்கும். ஹெவி லைசென்ஸைப் புதுப்பித்தால் இதுவும் தானாக வந்துவிடும் என்று நினைக்க வேண்டாம். அரசு அங்கீகாரம் பெற்ற நிறுவனத்தில் அதற்கான பயிற்சி முடித்த சான்று தனியாக வேண்டும். அந்த விதியில் ஓர் இந்திய மொழியோடு ஆங்கிலமும் எழுதப் படிக்கத் தெரிந்திருக்க வேண்டும் என்ற வரி இருக்கிறது.  இப்போதைக்கு ஹெவியை மட்டும் முடியுங்கள். டேங்கர் வேலைக்கு ஓனர் கூப்பிட்டால் அப்போது பயிற்சிக்குப் போகலாம்.

விண்ணப்பம் ஏறியதற்கான ரசீது லைசென்ஸ் ஆகாது. அதைக் காட்டி ஓட்டலாம் என்று யாராவது சொன்னால் கேட்க வேண்டாம். அலுவலகத்தில் ஒப்புதல் ஆனதும் டிஜிலாக்கரிலோ எம்பரிவாகன் செயலியிலோ புதிய டிஆர் தேதி தெரியும். சோதனையில் அதைக் காட்டினால் சட்டப்படி செல்லும், அன்றிலிருந்தே அப்பா வண்டி எடுக்கலாம். கார்டு தபாலில்தான் வரும். 2024 பிப்ரவரி 28-லிருந்து தமிழ்நாட்டில் நேரில் தருவதில்லை, ஸ்பீடு போஸ்ட் மட்டும்தான். வீடு பூட்டியிருந்தால் அலுவலகத்துக்கே திரும்பிவிடும். தபால்காரரிடம் ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள்.

புதுக் கார்டு வந்த அன்று டிஆர் தேதியை உங்கள் போனில் நினைவூட்டலாகப் போடுங்கள், மூன்று மாதம் முன்பாக. முடிவதற்கு ஓராண்டு முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம் என்றாலும், புதுப்பித்த நாளிலிருந்துதான் அடுத்த ஐந்தாண்டு தொடங்குகிறது. ரொம்ப முந்தினால் கையில் இருக்கும் மாதங்கள் வீணாகும். பொங்கலுக்கோ ஆயுத பூஜைக்கோ அப்பா ஊரில் இருக்கும் நாட்கள் அந்த மூன்று மாதத்துக்குள் வந்தால், அப்போதே கண் பரிசோதனையோடு சேர்த்து முடித்துவிடலாம்.